சீட்டை நகர்த்தாதீங்க

"கொஞ்சம் பொறுங்க தம்பி, தலகாணி எடுத்துட்டு வந்துடறேன்" என்று தன் பழைய காரை நோக்கி ஓடினார் தையல்கடை அம்மா.

சேல்ஸ்மேன் ஷோரூம் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அந்தக் காரின் டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் போயிருந்தது. முதுகுக்கு இரண்டு தலையணைகள். முன்விளக்கு ஒன்று நொறுங்கிக் கிடந்தது.

பதினாறு வருஷமாகக் கார் விற்கிறவர். ஆள் இறங்கி வரும்போதே ஜாதகம் கணித்துவிடுவார். தலையணையோடு ஒருவர் டெஸ்ட் டிரைவுக்கு வருவதை இன்றுதான் பார்க்கிறார்.

"அம்மா, இது எதுக்கு? சீட்டுக்கு அடியில ஒரு கம்பி இருக்கு பாருங்க. இழுத்தா முன்னாடி வந்துடும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா நுனிக்கால்ல பிரேக் மிதிக்கிறீங்க?"

"போன மாசம் கால் வழுக்கி, கேட்டுல இடிச்சுட்டேன். வேற கார் வாங்கினாத்தான் ஆச்சுன்னு மகள் ஒத்தக்கால்ல நிக்கறா."

"கார் என்னம்மா பண்ணும்? சீட்டை நகர்த்தியிருந்தாலே போதுமே!" வியாபாரம் கெட்டுப்போகும் என்பதையும் மறந்து உண்மையைச் சொல்லிவிட்டார்.

"நகர்த்தக் கூடாது. சீட்டைத் தொட்டா அவருக்குக் கெட்ட கோபம் வரும்."

"சார் தினமும் ஓட்டுவாரா?"

"இப்ப ஓட்டறதில்ல. நான்தான்."

சேல்ஸ்மேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டாத காரில் இவ்வளவு அதிகாரமா? இந்த அம்மா எங்காவது மோதி விழுந்தாலும் ஐயா சீட் அசையக் கூடாதாம்!

"ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கறீங்க. நீங்க மட்டும் அடுத்தவர் அளவுல உக்காரணுமா?" என்று புதுக் காரின் சீட்டை முன்னால் இழுத்து, உயர்த்தினார். "குதிகால் தரையில ஊனணும். முட்டி லேசா மடங்கணும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல ஒரு சாணுக்குக் குறையக் கூடாது. இப்ப மிதிங்க."

அம்மா ஏறி உட்கார்ந்து மிதித்தார். முழுப் பாதமும் பிரேக்கில் பதிந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னாடியே தள்ளிடுங்க தம்பி."

"மாட்டேன். உங்க உயிர் முக்கியமா, அவர் கோபம் முக்கியமா? சாரை இங்க கூட்டிட்டு வாங்க. நறுக்குன்னு நாலு கேள்வி நான் கேக்கறேன்."

"கேளுங்க" என்றார் அம்மா, ஸ்டியரிங்கைத் தடவியபடி. "நானும் மூணு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். போட்டோ வாயே திறக்க மாட்டேங்குது."

சேல்ஸ்மேன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கடைசியா அவர் ஓட்டிட்டு வந்து நிறுத்தினார் இல்ல, அப்படியே விட்டுவெச்சிருக்கேன். சட்டையெல்லாம் குடுத்தாச்சு. செருப்பும் போயாச்சு. என் முதுகுக்குப் பின்னாடி இருக்கற அந்த இடம் மட்டும்தான் தம்பி அவரோடதுன்னு மிச்சம்."

மகளின் பிடிவாதம் ஜெயித்தது. அந்தப் புதுக் காரையே பதிவு செய்துவிட்டுப் போனார் அம்மா.

பத்து நாள் கழித்துப் பழைய காரை ஒப்படைக்க வந்தவர், சாவியை உடனே கொடுத்துவிடவில்லை. கைப்பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தார். பிரேக்கிலிருந்து சீட்டின் முதுகு வரை நிதானமாக அளந்தார். வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டில், புதுப் பக்கத்தில் குறித்துக்கொண்டார்: நாற்பத்து மூன்றரை. எந்தத் துணியிலும் தைக்க முடியாத அளவு அது. எழுதிய பிறகும் பேனாவை மூட மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, உள்ள நாலஞ்சு கையெழுத்து பாக்கி இருக்கு" என்றார், நோட்டை எட்டிப் பார்த்த சேல்ஸ்மேன். "அந்த டேப்பைக் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து புதுக் காரில் ஏறினார். குதிகால் ஊன்றியது. முட்டி மடங்கியது. சாண் இடைவெளியும் சரியாக இருந்தது. தலையணைக்கு வேலையே இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையக்கூட இடமில்லை. அம்மாவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க அந்தப் பக்கம் திரும்பினார்.

பக்கத்து சீட் எங்கோ பின்னால் கிடந்தது.

"இது ஏன் தம்பி இவ்வளவு தள்ளிப் போயிருக்கு?"

சேல்ஸ்மேன் டேப்பைச் சுருட்டி அவர் கையில் வைத்தார்.

"நாப்பத்து மூணரை. நானே அளந்துதான் வெச்சேன். இனிமே நீங்க ஓட்டுங்க, சார் காலை நீட்டி உக்காந்துட்டு வரட்டும். அந்த சீட்டை மட்டும் யாரையும் நகர்த்த விடாதீங்கம்மா."