நாற்பத்தோராவது பட்டியல்

“இதை இப்படியே மாட்டினா படம் வராதுண்ணா.”

“சத்தம் வருமில்ல?”

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடையின் மேசைக்குப் பின்னால் நின்றிருந்த பெண் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். மவுஸ் வாங்க வந்திருந்த இரண்டு கல்லூரி மாணவர்கள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அடுத்தவர் எழுத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைக் கண்டுபிடித்தே இருபது வருடம் சோறு தின்றவர்.

மூன்று மாதமாக மதிய இடைவேளை முழுக்க, கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கி மாட்டுவது எப்படி என்றுதான் படித்தார். முதல் வாரம் மதர்போர்டைத் ‘தாய்ப்பலகை’ என்று எழுதிவைத்து, இரண்டாம் வாரம் வெட்கப்பட்டு அடித்தார். ரேம் எட்டு போதுமா, பதினாறு வேண்டுமா என்று முகம் தெரியாதவர்கள் இணையத்தில் போட்ட சண்டையைக் கதை மாதிரி படித்து, கடைசியில் பதினாறு கட்சியில் சேர்ந்தார். ஒருநாள் சாப்பிடும்போது பவர் சப்ளை பற்றி ஆரம்பித்ததும் மனைவி தட்டோடு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியலைச் சிவப்பு மையில் திருத்தித் திருத்தி எழுதினார். இது நாற்பத்தோராவது.

அதில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை அடித்துவிட்டு, அந்த இடத்தில் நல்ல மைக் வைத்த ஹெட்செட் ஒன்றைச் சேர்த்திருந்தார். பிராசசரே படத்தைக் காட்டிவிடும் என்று எங்கோ படித்த ஞாபகம். அவர் தேர்ந்தெடுத்த பிராசசரோ காட்டாத ரகம். பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை எழுத்து அதைத்தான் சொன்னதாம்.

ஓர் எழுத்து. அதுவும் அவர் கண்ணில் படாமல்.

“இவ்வளவு விலையில மைக் எதுக்குண்ணா? சாதாரணமா ஒன்னு எடுத்துக்கோங்க. மிச்சத்துல புது கார்டே வந்துடும்.”

“மைக்ல மட்டும் கை வைக்காதீங்கம்மா.”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மாணவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருக்குப் பதினைந்து வயது இளைய தம்பி ஒருவன் இருக்கிறான். அப்பா இல்லாத வீடு. யாரும் கேட்காமலே அப்பா வேலையையும் அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். அதனால் தம்பி அவருக்கு வைத்த பட்டப்பெயர் வார்டன். அவன் வெளியூர் போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் பேசுவான்.

“ஞாயித்துக்கிழமை மதியமானா ஏதோ கேம் ஆடறான்டா. அதுல யார் வந்தாலும் பேசறான். ஊர் பேர் தெரியாதவனைக்கூட வாங்க போங்கங்கறான்” என்று அம்மா ஒருநாள் வருத்தப்பட்டாள்.

ஊர் பேர் தெரியாதவனுக்குக் கிடைப்பது தனக்கும் கிடைக்காதா என்று அவருக்கு அன்றுதான் தோன்றியது. பேச வாய்த்தால், முதல் வார்த்தை கரகரக்கக் கூடாது. ‘கேக்கல’ என்று சொல்லித் துண்டிக்க அவனுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடக் கூடாது.

அந்தப் பெண் மேசை இழுப்பறையில் துழாவி ஒரு பழைய கார்டை எடுத்தாள். இரண்டு விசிறிகள், இறகிடுக்கில் தூசி.

“இது செகண்ட் ஹேண்ட். உங்க காசுக்குள்ள அடங்கிடும். மதிப்பு தெரியாம யாரோ வித்துட்டுப் போயிருக்காங்க.”

அவர் அதை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.

“ஒரு கிலோ தேறாது” என்றது வாய், அவரைக் கேட்காமலே.

“ஐயோ அண்ணா, இதைப் போய் யாராவது எடை போடுவாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஒரு மணி நேரத்தில் பெட்டி உயிர் பெற்றது. வேண்டாம் என்று சொல்லியும் உள்ளே நீல விளக்கு எரிந்து, பல் டாக்டர் அறை மாதிரி இருந்தது. படமும் வந்தது. மாணவர்கள் கை தட்டினார்கள். அவள் அவர் சொன்ன விளையாட்டையும் ஏற்றி, அதில் வைக்கப் பெயர் கேட்டாள்.

“வார்டன்னு போடுங்கம்மா.”

“யாரைச் சேர்க்கணும்?”

சட்டைப்பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து, பின்பக்கத்தைக் காட்டினார். அந்த விளையாட்டில் தம்பி வைத்திருக்கும் பெயர்; அவனிடம் கேட்டு அம்மா எழுதிக்கொடுத்தது.

அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். “பழைய இரும்பா? இப்படியெல்லாமா பேர் வைப்பாங்க!”

“அவன் இப்படி ஒரு பெட்டி வெச்சிருந்தான். லீவுல வேலைக்குப் போய் ஒவ்வொன்னா வாங்கி, அவனே மாட்டினது. கடைசி வருஷப் பரீட்சை எழுதப் போயிருந்தப்போ, நான்தான் பழைய இரும்புக்காரன் தராசுல வெச்சேன்.”

அவள் கை கீபோர்டு மேல் அப்படியே நின்றது. பிறகு கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பழைய இரும்பு என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ஞாயிறு மதியம்; ஆட்டத்தில் இருக்கிறான்.

நட்பு கேட்கும்போது கூடவே ஒரு வரி எழுத இடம் இருந்தது. அவர் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. பார்த்தார். திருத்தாமல் அனுப்பினார்.

‘எனக்கு விளையாட தெரியாதுடா. சொல்லித் தர்றியா?’