டூகல் வீட்டில் ஏழு பேர்

பேச்சு இதே வரிசையில்தான் நடந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஃபேர்லி ஊர் வங்கியில் அன்று நான் பக்கத்து மேஜையில் இருந்தேன்.

மலையில் ஆடு ஓட்டும் டூகல் வீட்டுக்கடன் கேட்டு வந்திருந்தான். சீசன் வேலை. சம்பளச் சீட்டுக்குப் பதில் பண்ணைக்காரர்களின் கடிதங்கள்தான் இருந்தன.

"இழுத்துப் பிடிச்சா தேறும்," என்றாள் கடன் அதிகாரி பிலிப்பா. "உன்னை நம்பிச் சாப்பிடுறவங்க எத்தனை பேரு?"

"ஏழு பேர், அக்கா."

"உனக்குக் கல்யாணமே ஆகலையேப்பா."

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா? இவங்களாலதான் வாடகை வீட்டை இந்த மாசம் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

பிலிப்பா ஏழு என்று எழுதினாள். கணக்கு படுத்துவிட்டது.

"கடன் கிடைக்காதுப்பா. மூத்தது வேலைக்குப் போகுதா?"

"மூத்தவ மெக்தானே? ஒன்பது வயசாச்சு, அடுத்த வருசம் ரிட்டையர் ஆகிடுவா. இப்போதைக்கு ஏழு பேரும் விடியுமுன்ன மலையேறிடுவாங்க."

பேனா நின்றது.

"பள்ளிக்கூடம்?"

"நான்தான் பழக்கினேன். ராய் மட்டும் கடிப்பான்."

அவன் எழுந்துபோய்க் கதவைத் திறந்து விசிலடித்தான். வெளியே அவன் வண்டியின் பின்புறத்தில் ஏழு நாய்கள் தலைதூக்கின.

"முதல்லயே சொல்றதுக்கென்னடா?"

"சாப்பிடுறவங்களைத்தானே கேட்டீங்க. சோறு போடுறது யாருன்னு கேக்கலையே. கடிதத்தைப் பாருங்க, எனக்கொரு கூலி, நாய்க்கொரு கூலி."

பிலிப்பா ஏழு என்பதை அடித்துப் பூஜ்யம் போட்டாள்.

கடன் கிடைத்தது. டூகல் இன்னும் அந்தக் கடனில் வாங்கிய வீட்டில்தான் இருக்கிறான். மெக் அடுப்போரம் ஓய்வெடுக்கிறது. ராயின் குட்டி ஒன்று பிலிப்பாவிடம் வளர்கிறது. அதுவும் கடிக்கிறது.