வாளியின் அடியில்

வாளி வார்க்கும் இயந்திரத்தின் முன்னே அன்று நின்றவர்கள் தெய்வநாயகம், அவர் தம்பி குழந்தைவேலு, மகன் பரிதி, இயந்திரம் ஓட்டும் சூசை. பிளாஸ்டிக் வாளிகள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில், அச்சு அசலாக ஒன்றுபோல வந்து விழுந்தன.

“இப்பல்லாம் அச்சுல ஒட்டுறதே இல்லப்பா. கழிவும் இல்ல,” என்றான் பரிதி.

தெய்வநாயகம் சூடு ஆறாத ஒரு வாளியைக் கவிழ்த்து, வழக்கம்போல அடியைத் தடவினார். தொழிலைத் தொடங்கிய அப்பாவின் பெயர் அங்கே மேடாக எழும்பியிருக்கும். இன்று வழவழவென்றிருந்தது.

“எழுத்துலதான் வாளி மாட்டிக்கிட்டு நின்னுச்சுண்ணே. அச்சுல அந்த எழுத்துக் குழிய அடைச்சாச்சு,” என்றார் தம்பி.

“எப்ப?”

“நீங்க ராமேஸ்வரம் போயிருந்தப்ப.”

அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போயிருந்தார். ஆர்டர் அவசரம் என்று தம்பி உடன் வரவில்லை.

“வாளியக் கவுத்துப் பாத்து எவன்ணே வாங்குறான்?” தம்பி சிரித்தார்.

தெய்வநாயகம் மகனைப் பார்த்தார். அவன் மும்முரமாக அடுத்த வாளியின் பிசிறைச் சீவத் தொடங்கினான். சூசைதான் தலையைக் குனிந்துகொண்டான்.

பெரியவர் தெய்வநாயகம் சம்மதித்துத்தான் பெயரை எடுத்தார்கள் என்று கடைத்தெருவில் பேச்சு. இல்லை. அவரை யாரும் கேட்கவில்லை.