தலைவர் காட்டிய திசை

நூறடி உயரத் தலைவர் சிலை, வலது கையை நீட்டி நாட்டுக்கே வழிகாட்டியது. திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்தே ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். விரலை அண்ணாந்து பார்த்துவிட்டு, அது காட்டிய பக்கமே நடந்தார்கள்.

சிலையைப் பராமரிக்கும் அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்கய்யா போறீங்க?"

"தலைவர் காட்டுற வழியிலதாங்க," என்றார் மூட்டையோடு வந்த தையல்காரர்.

'மக்களின் பக்தி பெருகுகிறது' என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டு, மனைவியிடம் பெருமையடித்துக்கொள்ள வீட்டுக்கு ஓடினார் அதிகாரி. பீரோ காலியாகக் கிடந்தது. மேஜைமேல் ஒரு சீட்டு.

'என்னங்க, அந்த விரல் நேரா நாட்டு எல்லையைத்தான் காட்டுதாம். காவலுக்கு இருந்தவங்க நேத்தே தாண்டிப் போயிட்டாங்களாம். பிள்ளைகளோட நான் முன்னால போறேன். அறிக்கையை எழுதி முடிச்சிட்டு, நீங்களும் சீக்கிரம் வந்து சேருங்க.'