சுப்பராமனின் கட்டுப்பாடு

“எல்லாம் சுபாவம்தான் மேடம். இவளுக்கு வாயைக் கட்டத் தெரியாது” என்றார் சுப்பராமன்.

தி.நகரில் மாடியில் இருந்த அந்த கிளினிக்கில், உணவு ஆலோசகர் சகினா இன்னும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி ஜலஜா முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மயிலாப்பூரில் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுப்பவள். தரையில் உட்கார முடியாமல் போய், இப்போது பிள்ளைகள் கீழேயும் அவள் கட்டில் விளிம்பிலுமாகப் பாடம் நடக்கிறது. பத்து கிலோ குறைந்தால்தான் ஆபரேஷனைப் பற்றிப் பேசவே முடியும் என்று மூட்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

சுப்பராமனுக்கு ஐம்பத்தைந்து வயது. தொப்பை கிடையாது. அதைப் பற்றி அவர் பெருமையடித்துக்கொள்வதில்லை. மற்றவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருவார், அவ்வளவுதான்.

“காலைல என்னம்மா சாப்பிடுவீங்க?” ஜலஜாவிடம் கேட்டாள் சகினா.

“ரெண்டு இட்லி...”

“ரெண்டுன்னு ஆரம்பிப்பா” என்றார் சுப்பராமன். “அப்புறம் அடுக்களைல நின்னுண்டே எதையாவது வாயில போட்டுண்டிருப்பா. என் கண்ணால பார்த்திருக்கேன்.”

ஜலஜா லேசாகச் சிரித்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து இந்தச் சிரிப்பை அவர் மன உறுதி இல்லாததன் அடையாளமாகவே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“ஒரு கட்டுரை படிச்சேன் மேடம். ஒழுங்கும் நிதானமும் இருக்கறவா நடு வயசுல எடை போடறதில்லையாம். மனசைக் கட்டத் தெரியாதவாதான் ஊதிப்போறாளாம். ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கான்.”

“நீங்க எப்படி சார் சாப்பிடுவீங்க?”

இந்தக் கேள்விக்காகவே ஆட்டோ பிடித்து வந்தவர்போல சுப்பராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் எதையும் விட்டதில்லை. இட்லின்னா வடை வேணும், ரெண்டு சட்னி வேணும். மத்தியானம் குழம்பு, ரசம், கறி, கூட்டு. சாயங்காலம் சூடா ஏதாவது. சனிக்கிழமையானா நானே போய் அரைக் கிலோ ஸ்வீட் வாங்கிண்டு வருவேன். ஆனா எதுலேயும் பாதியைத்தான் தொடுவேன். பாதி ஆனதும் கை தானா நின்னுடும். அதுக்குப் பேர்தான் கட்டுப்பாடு.”

“மீதிப் பாதி?”

“எது?”

“நீங்க தொடாத பாதி சார். அது என்ன ஆகும்?”

சுப்பராமன் யோசித்தார். இதுவரை யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. எழுந்துபோய்க் கை அலம்பிவிட்டு வருவார். வந்து பார்த்தால் மேஜை துடைத்திருக்கும்.

ஜலஜா பக்கம் திரும்பினார். “ஃபிரிட்ஜுல வெக்கறதுதானே?”

“பழசு ஆத்துல இருக்கப்படாதும்பேளே.” அவள் குரலில் குறை ஏதும் இல்லை.

“அப்போ கொட்டிட வேண்டியதுதானே?”

“அன்னத்தைக் கொட்டினா அன்னிக்குப் பூரா எங்கூடப் பேச மாட்டேள்.”

“வேலைக்கு வரவளுக்குக் குடு. தங்கபுஷ்பம்தான் தினம் வராளே.”

“குடுத்துண்டுதான் இருந்தேன். அவளுக்கு சுகர் வந்துடுத்து. வேண்டாம்மான்னுட்டா.”

சகினா பேனாவை மூடினாள். “அளவைக் குறைச்சுச் சமைக்கலாமேம்மா?”

“ஒருநாள் பண்ணினேன். பாத்திரத்தை எட்டிப் பார்த்துட்டு, ‘நான் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்துண்டிருக்கேன்’னார்.”

சுப்பராமன் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

“அம்மாவுக்கு இப்போதைக்கு டயட் எதுவும் வேணாம்” என்றாள் சகினா. “அவங்களுக்குன்னு எடுத்துக்கறதை மட்டும் சாப்பிட்டாப் போதும். சார், நீங்க ஒரு மாசத்துக்கு உங்க மீதியை நீங்களே சாப்பிட்டு முடிச்சிடுங்க. இல்லேன்னா, பாதியளவு சமைச்சாப் போதும்னு சொல்லிடுங்க. ரெண்டுல எது வேணும்?”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? பாதி சமைச்சாப் போதும்” என்றார் சுப்பராமன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார்.

அடுத்த மாதம் வந்தபோது ஜலஜா மூன்று கிலோ குறைந்திருந்தாள். படியேறி வந்தும் அவளுக்கு அவ்வளவாக மூச்சு வாங்கவில்லை.

“பரவாயில்லையே! இப்படியே போனா மூட்டு டாக்டர் சீக்கிரமே தேதி குடுத்துடுவார்” என்றாள் சகினா. “சார், நீங்களும் எடை மெஷின்ல ஏறிப் பாருங்களேன்.”

“எனக்கு எதுக்கு?” என்றார் சுப்பராமன்.

அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நாலு கிலோ கூடியிருந்தது.

“பாதி சமைச்சாப் போதும்னு சொல்றதா இருந்தீங்களே சார்?”

“சொல்லியிருப்பார். நான்தான் பழக்கதோஷத்துல...” என்று ஜலஜா அவசரமாகக் குறுக்கே வந்தாள்.

சுப்பராமன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். எடை மெஷினிலிருந்து இறங்காமல், தலைகுனிந்தபடி சொன்னார்.

“சொல்லத்தான் மேடம் தினமும் வாயைத் திறக்கறேன். ‘கூட்டுக்குத் தேங்கா அரைச்சு விட்டியா?’ன்னுதான் வருது.”