மூடிய வால்வுகள்

மடியில் வைத்திருந்த குட்டி இஞ்சினை மெக்கானிக் இக்பாலிடம் கொடுக்க லூர்துமேரி தயங்கினாள். போன வருடம் இறந்துபோன கணவர், ரிமோட்டில் பறக்கும் விமானத்துக்காக வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு அதன் வால்வுகளைப் பெரிதாக்கி வேகம் கூட்டித் தரும்படி மகள் ஜெனிட்டா கேட்டிருந்தாள்.

“கழட்டாம செய்ய முடியாதா, இக்பால் பாய்? கடைசியா அவரு வாயால ஊதிப் பாத்துட்டு, ரெண்டு வால்வும் மூடுற எடத்துல நிறுத்தி வெச்சாரு. அவரு மூச்சு உள்ளதான் இருக்கு.”

“அம்மா, அது இஞ்சின். ஊறுகா ஜாடி இல்ல,” என்றாள் ஜெனிட்டா. ஆனால் சுற்றினால் வால்வு திறந்துவிடும் என்று அவளும் இன்றுவரை அதன் விசிறியைத் தொட்டதில்லை.

பிஸ்டன் வளையத்தின் இடைவெளி வழியாக அந்தக் காற்று அன்றைக்கே, ஒரு நிமிடத்துக்குள் கசிந்து போயிருக்கும். இக்பால் அதைச் சொல்லவில்லை.

“கழட்டித்தான் ஆகணும்மா. மொகத்தக் கொஞ்சம் கிட்ட கொண்டாங்க.”

புகைக்குழாயை அவள் பக்கம் திருப்பி, விசிறியை மெல்லச் சுற்றினார். புஸ்ஸென்று சிறு காற்று வந்து அவள் உதட்டில் பட்டது. லூர்துமேரி கண்களை மூடி அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் மூச்சை வெளியே விடுவதற்காக இருவரும் காத்திருந்தார்கள்.