பத்து மீன்

"இப்ப உள்ளதுகளுக்குக் கிறுக்குதான் மக்களே. பஸ் ஏறினா கால் மணிக்கூறுல கடலு கெடக்கு. அதைப் போய்ப் பாக்க ஒருத்தனுக்கும் நேரமில்ல. கண்ணைக் கெட்டிவிட்டுக் கடலு காட்டுதாவ!"

முனகிக்கொண்டே ஞானதாசன் நாற்காலியில் உட்கார்ந்தார். கருங்கல் ஊரில் அது ஒரு சின்னப் பயிற்சி அறை. பிசியோதெரபி செய்கிற சுபிதா, கறுப்புப் பெட்டி மாதிரி இருந்த வி.ஆர். கண்ணாடியை அவர் தலையில் மாட்டி வாரை இறுக்கினாள்.

"தலைய ஆட்டாதீங்கோ பாட்டா."

"எனக்க தலை. நான் ஆட்டுவேன்."

வாதம் அடித்து அஞ்சு மாதம். வாய் தப்பியது, கால் தப்பியது. வலது கை விரல்கள் மட்டும் மடங்கவில்லை. கண்ணாடிக்குள் தெரிவதை எட்டி எட்டிப் பிடித்தே விரலைப் பழக்குகிற வைத்தியம் இது. முதலில் ஆப்பிள் பறிக்கச் சொன்னார்கள். "எனக்க சென்மத்துல ஆப்பிளு மரத்தைக் கண்டதில்ல" என்று கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். பிறகு சுபிதாதான் மீன் பிடிக்கிற விளையாட்டைப் போட்டாள். செவ்வாயும் வெள்ளியும் வருவார். போன தடவை ஒன்பது பிடித்திருந்தார்.

இன்றைக்குப் பத்து பிடிக்க வேண்டும். பிடித்தால் இன்னும் இரண்டு மாதம் பயிற்சி உண்டு. இல்லையென்றால் கிடையாது. இருப்பது ஒரே கண்ணாடி. கரண்டுக் கம்பத்திலிருந்து விழுந்த கிருஷ்ணமணி அதற்காகக் காத்திருக்கிறார். முடிவு சொல்லத்தான் பெரிய டாக்டர் தேவகுமார் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். அவருக்கு இன்று விட்டால் அடுத்த மாதம்தான் தோதுப்படும்.

மகள் ஜின்சி காதோரம் குனிந்தாள். "அப்பா, அண்ணன் சொன்னது நெனப்பிருக்கா? கயிறு பிடிக்கக் கை வந்தாத்தான் வள்ளத்துல ஏத்துவேன்னு சொல்லிச்சு."

"இருக்கு, இருக்கு. லிபினுக்கு வள்ளம் ஓட்டப் படிச்சுக் குடுத்ததே நாந்தான். இப்ப அவன் எனக்குச் சட்டம் சொல்லுதான்."

"வீட்டு ஆளுங்க வெளியே இருங்கம்மா" என்றார் டாக்டர். ஜின்சி போனாள்.

விளையாட்டு தொடங்கியது. ஞானதாசன் பார்ப்பது சுவரில் இருந்த டிவியிலும் தெரிந்தது.

"என்ன தெரியுது அய்யா?" என்று கேட்டார் டாக்டர்.

"கடலுண்ணு சொல்லுதாவ. உப்பு மணம் இல்ல, காத்து இல்ல. இதுக்குப் பேரு கடலா?"

"மீன் வருதா?"

"சாளை வருது. கூட்டமாட்டுல்லா போணும்? இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாட்டம் ஒண்ணுக்குப் பொறத்த ஒண்ணு போகுது."

சுபிதாவுக்குச் சிரிப்பு வந்தது. "சும்மா குற்றம் சொல்லாதீங்கோ. பிடிங்கோ பாட்டா."

கை மடியிலேயே கிடந்தது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. கை நீட்டினால் படுகிற தூரத்தில் பெரிய நெய்மீன் ஒன்று நின்று வாலை ஆட்டியது.

"நெய்மீனு பாட்டா! விடாதீங்கோ!"

"கண்டேன்."

"கண்டா பிடிங்கோ!"

"முடியாது."

"வலிக்குதா?"

"இல்ல."

"வெரலு மடங்கலியா?"

"அதெல்லாம் மடங்கும். நீ ஒனக்க வேலையப் பாரு."

மணி அடித்தது. டிவியில் பெரிதாகப் பூஜ்யம் விழுந்தது. சுபிதாவுக்கு அழுகை வரும்போல இருந்தது.

"வெள்ளிக்கிழமை ஒன்பது பிடிச்சவர் சார். நான் ஒண்ணும் கூட்டி எழுதல."

"உன்னை யார் குறை சொன்னா?" டாக்டர் தணிந்த குரலில் பேசினார். "ஆரம்பத்துல கொஞ்சம் முன்னேற்றம் வரும். பிறகு அப்படியே நின்னுடும். சில கை அவ்வளவுதான். கிருஷ்ணமணியை வரச் சொல்லிடு."

ஃபைலைத் திறந்து, 'பலன் இல்லை' என்று எழுத ஆரம்பித்தார்.

பேனா பாதியில் நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஞானதாசன் அதை எட்டிப் பிடித்திருந்தார். பிடித்தது வலது கை. அஞ்சு விரலும் மடங்கியிருந்தன. டாக்டர் இழுத்துப் பார்த்தார். பேனா வரவில்லை.

"அதை எழுதாதியும் டாக்டரே. கிருஷ்ணமணியும் வரட்டும், நானும் வாறேன். ஆளுக்குப் பாதி நாளு."

"பாட்டா!" என்று கத்தியேவிட்டாள் சுபிதா.

டாக்டர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பேனா திரும்பக் கிடைத்ததும், எழுதிய பாதி வரியை அடித்துவிட்டு, இரண்டு மாதம் என்று எழுதினார்.

"இவ்வளவு பிடி இருக்கு! பிறகு ஏன் ஒரு மீனைக்கூடத் தொடலை? என்னை ஏமாத்திப் பாத்தீங்களா?"

"உம்மை ஏமாத்தி எனக்கு என்ன கிட்டும்? நாளைக்கு விடியும்போ வாறேன். பத்து இல்ல, இருபது பிடிச்சுக் காட்டுதேன்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆனா ஒண்ணு. எனக்கு இந்தச் சாதனத்துல நம்பிக்கையே கெடையாது. கேட்டீரா?"

"நாளைக்குப் பிடிக்கிறதை இன்னைக்கே பிடிச்சிருக்கலாமே அய்யா? அது நிஜக் கடல்கூட இல்லையே!"

ஞானதாசன் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு நடந்தார்.

"எங்க கரையில ஞாயித்துக்கிழமை எவனும் மீன் பிடிக்க மாட்டான் டாக்டரே. கடலு பொய்யி, சரி. ஞாயித்துக்கிழமையும் பொய்யா?"